மகெல்லன் ஓடையை உருவியது யார்?

கேள்வி, 5 அக்டோபர் 2024

பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டி கேலக்ஸிகளுக்குப் பின்னால் வால் மாதிரி வாயு நீண்டு கிடக்கிறது என்று படித்தேன். பெரிய கேலக்ஸி இழுப்பதால் வருகிறதா, இல்லை வேகமாகப் போகும்போது எதிர்காற்றில் பறக்கிறதா? ஓரிடத்தில் இழுப்பு என்கிறார்கள், இன்னோரிடத்தில் காற்று என்கிறார்கள். எது சரி?

6 அக்டோபர் 2024

பால்வெளிதான் உருவியது. நீங்கள் சொல்லும் இரண்டு குட்டி கேலக்ஸிகள்தான் மகெல்லன் மேகங்கள். பெரிய மகெல்லன் மேகம் 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, சிறியது 2,00,000. இரண்டும் நம்மைச் சுற்றிச் சுற்றி வருகின்றன, ஒவ்வொரு சுற்றிலும் நம் பால்வெளி கொஞ்சம் வாயுவைப் பிடுங்கிக்கொள்கிறது, அது பின்னால் நீளுகிறது. அதைத்தான் மகெல்லன் ஓடை என்கிறோம். 1974இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ நிலையத்தில் டான் மாத்யூசனும் அவருடன் இருந்த இருவரும்தான் இந்த வாயுத் துண்டுகள் எல்லாம் ஒரே கோடாக மகெல்லன் மேகங்களில் போய் முடிகின்றன என்று காட்டினார்கள். அதற்கு முன்னாலேயே தென் வானத்தில் விசித்திர வேகத்தில் போகும் வாயுத் திட்டுகள் சில தெரிந்திருந்தன, ஆனால் யாருடையது என்று தெரியாது.

கண்ணுக்குத் தெரியாது. சாதாரண ஒளித் தொலைநோக்கியிலும் தெரியாது. நடுநிலை ஹைட்ரஜன் 21 செ.மீ. அலைநீளத்தில் விடும் ரேடியோ அலையில்தான் அதன் உருவம் தெரியும்.

9 அக்டோபர் 2024

மேலே அவசரமாக எழுதிவிட்டேன், கேட்டவர் கேட்டது இழுப்பா காற்றா என்று, அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியது வைக்கோல் லாரி. அறுவடை முடிந்த நாட்களில் நாங்குநேரி ரோட்டில் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். பாரம் வண்டியின் அகலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். வேகம் எடுத்தால் எதிர்காற்றில் மேல் வைக்கோல் பிய்ந்து பின்னால் வரும். இது ஒரு வழி. புளிய மரக் கிளை தாழ்ந்திருக்கும் இடத்தில் பக்கவாட்டு வைக்கோல் கிளையில் மாட்டி உருவிக்கொண்டு தொங்கும். இது இன்னொரு வழி. இரண்டிலும் வெளியே பிதுங்கியதுதான் முதலில் போகும், நடுவில் கயிறு போட்டு இறுக்கிய கட்டு அசையாது.

கேலக்ஸியிலும் அப்படித்தான். வாயுத் தட்டு நட்சத்திரத் தட்டைவிட அகலமாகப் பரந்திருக்கும், அதன் ஓரத்தில் சொந்த ஈர்ப்பின் பிடி தளர்ந்திருக்கும். பால்வெளியைச் சுற்றிச் சூடான மெல்லிய வாயு ஒரு கூடாரம் மாதிரி சூழ்ந்திருக்கிறது. மகெல்லன் மேகங்கள் இருக்கும் தூரத்தில் அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரத்தில் ஒரு அணு என்ற கணக்கில்தான் வரும். நம் ஆய்வுக்கூட வெற்றிடம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் வினாடிக்கு 300 கி.மீ.க்கு மேல் போகும் ஒன்றுக்கு அதுவே எதிர்காற்று, ஏனென்றால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இது காற்று வழி.

இழுப்பு வழி கடலோதம் மாதிரி. பக்கத்து முனையை அதிகமாகவும் தூரத்து முனையைக் குறைவாகவும் இழுக்கும்போது நடுவில் இருப்பது நீளும். வாயு, நட்சத்திரம் என்று இது பாகுபாடு பார்க்காது. அதனால்தான் காற்றுக் கட்சிக்காரர்கள் ரொம்ப காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: இழுப்புதான் காரணம் என்றால் ஓடையில் நட்சத்திரம் எங்கே? நல்ல கேள்வி. தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை.

10 அக்டோபர் 2024

ஒன்றை விட்டுவிட்டேன். லாரிக்கு முன்னால் வைக்கோல் கிடந்தால் என்ன சொல்வீர்கள்? எதிர்காற்று அதை முன்னால் தள்ளாது. மகெல்லன் மேகங்களுக்கு முன்னாலும் வாயு இருக்கிறது, முன்கை என்று வைத்துக்கொள்ளலாம். 1998இல் பார்க்ஸ் தொலைநோக்கியின் தரவை வைத்து மேரி புட்மன் குழு அதை உறுதியாகக் காட்டியது. ஓத இழுப்பில் பின்னால் ஒரு வால், முன்னால் ஒரு வால் என்று இரண்டு பக்கமும் வரும். அதனால் இழுப்புக் கட்சிக்கு அன்று பெரிய பலம்.

14 அக்டோபர் 2024

முதல் குறிப்பில் "சுற்றிச் சுற்றி வருகின்றன" என்று எழுதியிருந்தேன். அது தப்பு. ஒரு நண்பர் தனியாக எழுதிச் சுட்டிக்காட்டினார், சரியாகத்தான் சொன்னார். நான் படித்த காலத்துப் பாடம் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

வாயு நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று ரேடியோவில் சுலபமாகச் சொல்லிவிடலாம். குறுக்கே என்ன வேகம் என்பதுதான் கஷ்டம், அதற்கு வானத்தில் அது நகர்ந்த தூரத்தை அளக்க வேண்டும், 1,60,000 ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒன்று ஓரிரு வருடத்தில் எவ்வளவு நகரும்? நித்யா கல்லிவயலில் குழு ஹப்பிள் தொலைநோக்கியை வைத்து, பின்னால் அசையாமல் நிற்கும் குவேசார்களை (வெகுதூரத்துக் கேலக்ஸிகளின் பிரகாசமான மையங்களை) அடையாளக் கல்லாகப் பிடித்துக்கொண்டு 2006இல் அதை அளந்தது. பெரிய மகெல்லன் மேகம் வினாடிக்குச் சுமார் 378 கி.மீ. போகிறது என்று வந்தது. 2013இல் திருத்திய அளவு 321. குறைந்த பிறகும் அது பழைய கணக்கைவிட அதிகம்தான். இந்த வேகத்தோடு பின்னோக்கிக் கணக்கு ஓட்டினால் அது வெகுதூரத்துக்கு வெளியே போய்விடுகிறது. அதாவது இந்த இரண்டும் நம்மிடம் வருவது அநேகமாக இதுதான் முதல் தடவை. 2007இல் கர்டினா பெஸ்லா இதை விரிவாக எழுதினார்.

அப்போது பால்வெளி உருவ நேரம் எங்கே இருந்தது? வீட்டுக்குள் நுழையும்போதே சட்டை கிழிந்திருந்தால் வீட்டுக்காரனைக் கேட்டு என்ன பயன், வழியில் என்ன நடந்தது என்றுதானே கேட்க வேண்டும். பெஸ்லா 2010லும் 2012லும் செய்த கணக்குகள் அதைத்தான் கேட்டன: பெரியதும் சிறியதும் ஒன்றையொன்று பல நூறு கோடி ஆண்டுகளாகச் சுற்றி வந்தவை, எடை கூடிய பெரியது சிறியதிடமிருந்து வாயுவை உருவியது, நம் பக்கம் வருவதற்கு முன்னாலேயே ஓடை தொடங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு வாயுப் பாலம் இருப்பது 1963லிருந்தே தெரியும். சண்டை நடந்ததற்கு அது கண்முன் சாட்சி.

ஆகவே முதல் குறிப்பின் முதல் வரியை வாபஸ் வாங்குகிறேன். மனது அவ்வளவு சுலபமாக விடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பெரியதுதான் சின்னதைப் பிடுங்கும் என்ற எண்ணத்தில் "பெரியது" என்றால் நாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய மகெல்லன் மேகமே பால்வெளியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் என்று இப்போது கணக்கிடுகிறார்கள்.

20 அக்டோபர் 2024

"நம் ஊரிலிருந்து பார்க்க முடியாத விஷயத்துக்கு இவ்வளவு எழுதணுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓடை உங்கள் தலைக்கு மேலேயே போகிறது. 2010இல் டேவிட் நிடெவர் குழு அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கியில் தேடி, வால் மட்டும் 140 பாகைக்கு மேல் நீளம் என்று காட்டியது. முன்கையையும் சேர்த்தால் 200 பாகை. அடிவானத்திலிருந்து எதிர் அடிவானம் வரை 180தான். தெற்கே மேகங்களில் தொடங்கி, பால்வெளியின் தென் துருவத்தை ஒட்டிப் போய், பூரட்டாதி உத்திரட்டாதி நட்சத்திரங்கள் சேர்ந்து போடும் பெரிய சதுரத்துக்குத் தெற்கே வால் மெலிகிறது. ஐப்பசி மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் மல்லாந்து படுத்தால் நேர் உச்சி அது. மழை மேகம் இருந்தாலும் கவலை இல்லை, 21 செ.மீ. அலை மேகத்தைத் தாண்டி வந்துவிடும்.

அந்த நினைப்பில்தான் ஒரு மாதமாக ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். தெர்மாகோல் அட்டை நான்கை வெட்டி, உட்பக்கம் சமையல்கட்டு அலுமினியத் தாள் ஒட்டி, ரேடியோ அலையைப் பிடிக்க ஒரு பெரிய சதுரக் கொம்பு ஆன்டெனா செய்தேன். வாய் முக்கால் மீட்டர் அகலம். அடியில் டர்பன்டைன் வாங்கிய சதுர டின். டின்னுக்குள் 5 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகச் செம்புக் கம்பி ஒன்று நிற்கிறது, 21இல் கால் பங்கு. அங்கிருந்து ஒரு பெருக்கி, அப்புறம் கணினியில் சொருகும் ரேடியோ டாங்கிள். கொம்பை அன்னம் விண்மீன் கூட்டத்துப் பக்கம் திருப்பிப் பத்து நிமிடம் விட்டேன். 1420.4 மெகாஹெர்ட்ஸில் தட்டைக் கோட்டின் மேல் ஒரு மேடு எழுந்தது, உளுந்த வடையைப் பக்கவாட்டில் பார்ப்பது மாதிரி. பால்வெளிக் கரத்தின் ஹைட்ரஜன். கொம்பைக் கிழக்கே திருப்பினால் மேடு தணிகிறது, திரும்பக் கொண்டுவந்தால் எழும்புகிறது. நான்கு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழைத்துவந்து காட்டியபோது அம்மா டின்னைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்.

27 அக்டோபர் 2024, இரவு 11:40

தூங்க முடியவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன். ஓடையின் வால் நுனியில் வாயு நம்மை நோக்கி வினாடிக்கு 350 கி.மீ. அளவில் வருகிறது. நம்மை நோக்கி வருவதன் அலைக்கு அதிர்வெண் கூடும், அந்த டாப்ளர் கணக்குப் போட்டால் 1420.4க்கு மேலே 1.66 ஏறி 1422.06 மெகாஹெர்ட்ஸில் குறி விழ வேண்டும். கொம்பை உச்சியைப் பார்த்து வைத்து எட்டு மணியிலிருந்து பதிவு செய்தேன். 1422க்கு மிக அருகில் ஒரு சின்ன முள் நிற்கிறது. மூன்று மணி நேரத்துப் பதிவிலும் இருக்கிறது.

29 அக்டோபர் 2024

அது ஓடை இல்லை.

நேற்று முழுக்க அதையேதான் சோதித்தேன். முதலில் சந்தேகம் வந்தது அகலத்தில்: வாயுத் திரளின் குறி என்றால் கொஞ்சமாவது பரந்திருக்க வேண்டும், இது ஊசி மாதிரி நின்றது. அப்புறம் கொம்பை மொட்டை மாடிச் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். முள் அப்படியே இருந்தது. வானத்தில் இருப்பது சுவரில் எப்படித் தெரியும்? வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். தண்ணீர்த் தொட்டியில் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்று இருக்கிறது, அதன் பிளக்கைப் பிடுங்கியதும் முள் போய்விட்டது.

27ஆம் தேதிக் குறிப்பை நீக்கவில்லை, நம்பி எழுதியது அங்கேயே இருக்கட்டும். ஓடையின் குறி பால்வெளி மேட்டின் நூற்றில் ஒரு பங்கு கூட வராது. அவ்வளவு சின்னதைப் பிடிக்க அடிக்கோடு தட்டையாக, மணிக்கணக்கில் ஆடாமல் இருக்க வேண்டும். என் பெருக்கியோ வெயில் தணிந்து குளிரும்போதே மெல்ல நகர்கிறது. இன்னும் கொஞ்சம் பெரிய கொம்பு, கருவியைத் துணியில் சுற்றி வெப்பம் காப்பது, இப்படிச் சில யோசனை இருக்கிறது. விடப்போவதில்லை.

3 நவம்பர் 2024

தீபாவளி அலைச்சல் முடிந்தது. யார் வீட்டு வாயு என்ற கேள்விக்கு வருகிறேன், எனக்கு இந்த இழையிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான்.

வாயுவுக்கு ரேகை உண்டு. பெரிய மேகத்தில் நட்சத்திரங்கள் அதிகம் பிறந்து செத்ததால் ஆக்சிஜன், கந்தகம் மாதிரியான கனமான தனிமங்கள் அங்கே அதிகம். சிறியதில் குறைவு, பழைய காலத்தில் இன்னும் குறைவு. ஆகவே ஓடையில் கந்தகம் எவ்வளவு என்று தெரிந்தால் வீடு தெரிந்துவிடும். எப்படி அளப்பது? ஓடைக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஒரு பிரகாசமான பொருள் வேண்டும். அதன் ஒளி ஓடையைத் தாண்டி வரும்போது கந்தகம் தனக்குரிய நிறத்தை மட்டும் தின்றுவிடும், நிறமாலையில் அந்த இடம் கறுத்திருக்கும். எவ்வளவு கறுப்போ அவ்வளவு கந்தகம்.

ஆண்ட்ரூ ஃபாக்ஸும் ஃபிலிப் ரிக்டரும் 2013இல் ஹப்பிளையும் சிலி நாட்டில் இருக்கும் பெரிய தொலைநோக்கியையும் வைத்து இதைச் செய்தார்கள். ஓடையின் நீளத்தில் பல திசைகளில் பார்த்தபோது சூரியனில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. 150 முதல் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் சிறிய மேகத்தில் இருந்த அளவோடு அது பொருந்துகிறது. ஆனால் ஃபேரால் 9 என்ற கேலக்ஸியின் திசையில் மட்டும் பாதி வந்தது. பத்தில் ஒன்று எங்கே, பாதி எங்கே! அந்த இழை சிறியதிலிருந்து வந்திருக்கவே முடியாது, பெரிய மேகத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே, 2008இல், நிடெவர் குழு வேகத்தை மட்டும் வைத்து ஓடை இரண்டு இழையாகப் பிரிகிறது, ஓர் இழையைப் பின்தொடர்ந்தால் பெரிய மேகத்தில் 30 டொராடஸ் என்ற நட்சத்திரம் பிறக்கும் பகுதிக்குப் போகிறது என்று சொல்லியிருந்தது. ஒருவர் வேகத்தை அளந்து சொன்னார், இன்னொருவர் கந்தகத்தை அளந்து சொன்னார், இரண்டு பேரும் ஒரே கதவைத் தட்டினார்கள். இரண்டு இழை முறுக்கிய கயிறு இது. அக்டோபர் 9ஆம் தேதி நான் சொன்ன லாரி உவமையில் ஒரு லாரிதான் இருந்தது. இரண்டு லாரி உரசிக்கொண்டு போனதாகத் திருத்திப் படிக்கவும்.

17 நவம்பர் 2024

இந்த வாரம் ஹப்பிளிலிருந்து நம் விஷயத்துக்கு நேராக ஒரு செய்தி வந்திருக்கிறது. சப்னா மிஸ்ரா முதலாசிரியராக எழுதிய ஆய்வு. கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

பெஸ்லாவின் கணக்கு ஓடையின் உருவத்தைத் தந்தது, ஆனால் எடை தரவில்லை. ஃபாக்ஸ் குழு 2014இல் ஓடையையும் முன்கையையும் பாலத்தையும் சேர்த்து, அயனியான (எலக்ட்ரானை இழந்த) வாயுவையும் கூட்டிப் பார்த்தபோது சுமார் 200 கோடி சூரிய நிறை வந்தது. இதில் பெரும்பகுதி அயனியான வாயு, 21 செ.மீ.யில் தெரியாதது. மேகங்களின் வாயுத் தட்டை மட்டும் உருவினால் இவ்வளவு தேறாது. 2020இல் ஸ்காட் லுக்கினி குழு வேறு வழி சொன்னது: பெரிய மேகத்துக்கே சொந்தமாக ஒரு சூடான வாயுக் கூடாரம் இருந்திருக்கும், அதுவும் சேர்ந்துதான் ஓடையில் கலந்திருக்கிறது. கணக்கில் மட்டும் இருந்த அந்தக் கூடாரத்தை 2022இல் தனேஷ் கிருஷ்ணராவ் குழு 28 குவேசார்களின் ஒளியில் தேடிக் கண்டுபிடித்தது.

இப்போது மிஸ்ரா குழு சொல்வது அந்தக் கூடாரத்தின் அளவு. ஏறக்குறைய 50,000 ஒளியாண்டுக்குள் அது திடீரென்று முடிந்துவிடுகிறது. இதே எடையுள்ள மற்ற கேலக்ஸிகளோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குதான். மீதியைப் பால்வெளியின் எதிர்காற்று அரித்துவிட்டது.

அப்படியானால் முதல் கேள்விக்கே திரும்ப வருகிறோம். அக்டோபர் 14ஆம் தேதி நான் பால்வெளியை முழுக்க விடுதலை செய்துவிட்டேன், அது அதிகம். ஓடையைத் தொடங்கியது மேகங்களின் சண்டை. ஆனால் வந்து சேர்ந்த பிறகு வெளி வாயுவை வழித்தெடுத்ததில் நம் பால்வெளிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. கேட்டவர் இழுப்பா காற்றா என்றார், முதலில் இழுப்பு, பிறகு காற்று என்று வரிசையாகச் சொல்வதுதான் இப்போதைக்கு என் பதில்.

18 நவம்பர் 2024

சின்னக் கேள்விகள் இரண்டு. பால்வெளியைச் சுற்றி நீளும் இன்னொரு ஓடையான தனுசு ஓடையில் ஏன் வாயு இல்லை? அதன் தாய் கேலக்ஸி 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது பல தடவை பால்வெளியைச் சுற்றிவிட்டது, வாயு முன்னமே தீர்ந்துவிட்டது, இப்போது நட்சத்திரங்கள்தான் உருவப்படுகின்றன. பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி கேலக்ஸிகளில் ஏறக்குறைய எல்லாமே இப்படி வாயு வற்றியவைதான். மகெல்லன் மேகங்கள் இரண்டிலும் இன்னும் வாயு நிறைந்திருப்பதே புதிதாக வந்தவை என்பதற்கு ஓர் அடையாளம்.

இன்னொன்று பெயர். மகெல்லன் அந்த மேகங்களைக் கண்டுபிடித்தவர் இல்லை, தெற்கே வாழ்ந்த மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பார்த்து வந்தவை. அவர் குவாமிலும் பிலிப்பைன்ஸிலும் செய்த கொலைகளைச் சொல்லி, பெயரை மாற்ற வேண்டும் என்று வானியலாளர்கள் சிலர் 2023இல் எழுதினார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. வேறு பெயர் எல்லோரும் ஏற்கும் வரை, தேடிப் படிக்கிறவர்களுக்காக இதே பெயரை எழுதுகிறேன்.

8 டிசம்பர் 2024

மழையில் கொம்பை மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன், ஓரத்தில் அலுமினியத் தாள் உரிந்துவிட்டது. ஆகவே கணக்கு.

மேலே 200 கோடி சூரிய நிறை என்றேன். அந்த எண்ணுக்குள் ஒரு தூரம் ஒளிந்திருக்கிறது. ரேடியோவில் நமக்குக் கிடைப்பது எவ்வளவு பிரகாசம் என்பதுதான், எடை வேண்டுமென்றால் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஃபாக்ஸ் குழு ஓடை முழுக்க 1,80,000 ஒளியாண்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியது, அதை வெளிப்படையாகவே சொல்லியும் இருக்கிறது. நட்சத்திரம் என்றால் நிறத்தையும் பிரகாசத்தையும் வைத்துத் தூரம் சொல்லலாம். வெறும் ஹைட்ரஜன் திட்டு தன் தூரத்தைச் சொல்லாது.

2021இல் லுக்கினி குழு புதுக் கணக்கில் ஓடை 65,000 ஒளியாண்டு அளவுக்கு அருகில் வரும் என்றது. அந்தத் தூரத்தை முழு ஓடைக்கும் போட்டுப் பாருங்கள், 200 கோடி 26 கோடியாகச் சுருங்கிவிடும். அதுவே 3,25,000 ஒளியாண்டு என்று வைத்தால் 650 கோடி. ஒரே வாயு, ஒரே பதிவு, தூரத்தை மாற்றினால் இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். பால்வெளியில் வருடத்துக்கு ஓரிரு சூரிய எடை அளவுக்கு நட்சத்திரம் பிறக்கிறது. இந்த ஓடை வந்து விழுந்தால் எவ்வளவு காலத்துக்கு எரிபொருள் தரும், எப்போது விழும், எல்லாம் இந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. அருகில் இருந்தால் 5 கோடி ஆண்டுகளில் மோதத் தொடங்கும் என்றார்கள்.

11 டிசம்பர் 2024

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அப்போ தூரமே தெரியாதா" என்று மூன்று பேர். இரண்டு இடத்தில் பிடி கிடைத்திருக்கிறது.

முன்கைப் பக்கம் 2019இல் ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டம் கிடைத்தது, கையா விண்கலத்தின் தரவில். வயது சுமார் 12 கோடி ஆண்டுதான், தூரம் 94,000 ஒளியாண்டு. பால்வெளியின் அந்த வெளிப்புறத்தில் அவ்வளவு இளம் நட்சத்திரங்கள் பிறக்க வாயு ஏது? வேதியியலும் மகெல்லன் வாயுவோடு ஒத்துப்போகிறது. முன்கையின் வாயுவிலிருந்து பிறந்தவை என்றால் அந்தத் தூரம் முன்கைக்கும் தூரம்.

பின்னால் ஓடைப் பக்கம், 9 அக்டோபரில் "நட்சத்திரம் எங்கே" என்று கேட்டதற்கு 2023இல் வேதாந்த் சந்திரா குழு பதில் தந்தது. பதிமூன்று நட்சத்திரங்கள். ஓடையின் பாதையை ஒட்டி, ஓடையின் வேகத்தோடு ஒத்துப்போகும் சிவப்பு ராட்சத நட்சத்திரங்கள், தூரம் ஏறக்குறைய 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் ஒளியாண்டு வரை. ஐம்பது வருடம் தேடியதற்குப் பதிமூன்று! ஆனால் இந்தப் பதிமூன்றும் ஓத இழுப்பு நடந்ததற்கு நேர்ச் சாட்சி, காற்று நட்சத்திரத்தை அசைக்காது.

அப்போது 65,000 என்ன ஆயிற்று? நட்சத்திரங்களும் வாயுவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றாகக் கிளம்பினாலும் வாயுவைக் காற்று பிடித்துத் தள்ளும், வேகம் குறைக்கும், நட்சத்திரம் தன் பாட்டுக்குப் போகும். நான் நட்சத்திரங்களின் பக்கம் சாய்கிறேன், அதாவது வால் பகுதி தூரத்தில் இருக்கிறது என்று. ஓடைக்குப் பின்னும் முன்னும் இருக்கும் நட்சத்திரங்களின் ஒளியில் வாயுவின் தடம் எதில் விழுகிறது, எதில் விழவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால் தூரம் நடுவில் மாட்டும்.

30 ஜனவரி 2025

நேற்று தை அமாவாசை. சாயங்காலம் உவரிக்குப் போனோம், நானும் மகனும். நோக்கம் பெரிய மேகத்தைக் கண்ணால் பார்ப்பது. உவரியிலிருந்து அது தெற்கு அடிவானத்துக்கு மேல் 12 பாகைதான் ஏறும், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒன்றேகால் முஷ்டி. நேற்று ஒன்பது மணி வாக்கில் அது நேர் தெற்கு. வழி தெரிய அகத்தியர் நட்சத்திரம் இருக்கிறது, அதற்குக் கீழே இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக, கொஞ்சம் வலது பக்கம்.

கடலுக்கு மேல் ஈரப் புகைமூட்டம். படகு விளக்குகள் ஏழெட்டு. இருபது நிமிடம் கண்ணைப் பழக்கிய பிறகு அகத்தியருக்குக் கீழே வானம் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்திருப்பதாகத் தோன்றியது. நேராகப் பார்த்தால் போய்விடும், பக்கத்தில் பார்த்தால் வரும். மகன் தனக்குத் தெரியவில்லை என்றான். கேமராவை ஸ்டாண்டில் வைத்து எட்டு எட்டு வினாடியாக அறுபது படம் எடுத்தேன், வீட்டுக்கு வந்து ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினேன். இருக்கிறது. நீள்வட்டமாக ஒரு சாம்பல் பூச்சு, அதன் ஓரத்தில் ஒரு புள்ளி தனியாக அழுத்தமாக. அந்தப் புள்ளி 30 டொராடஸ். நவம்பர் 3ஆம் தேதி எழுதினேனே, ஓடையின் ஓர் இழை புறப்பட்ட இடம் என்று, அந்தப் பகுதி.

படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். "என்ன சார், தெக்க பாத்துக்கிட்டு நிக்கிய?" என்றார். சொன்னேன். அவர் ஆழ்கடல் படகில் பல வருடம் மாலத்தீவுக்கும் கீழே போனவர். "அங்கன போனா ரெண்டு வெள்ளத் திட்டு நல்லா மேல நிக்கும் சார். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. காத்து எப்படி அடிச்சாலும் நவராது. மொதல்ல மேகம்னுதான் நெனச்சோம்." நான் பத்து வருடமாகப் படித்துக்கொண்டிருக்கும் இரண்டையும் அவர் தலைக்கு மேலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். சிறியது பெரியதுக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டேன். யோசிக்காமல் மேற்கே கையைக் காட்டினார், "சிறுசு முன்ன போவும், பெருசு பின்னால வரும்" என்றார். வானம் சுழலும் கணக்கில் அது மிகச் சரி.

2 பிப்ரவரி 2025

படத்தைப் பார்த்துவிட்டு "இதில் ஓடை எங்கே" என்று கேட்டவருக்கு. படத்தில் இல்லை, கேமராவில் வராது. அந்த நேரத்தில் சிறிய மேகம் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, ஓடை தென்மேற்கிலிருந்து மேற்கு வரை கடலை ஒட்டிச் சாய்ந்து கிடந்திருக்கும்.

பெரியவர் சொன்ன "முன்ன, பின்னால" என்பதில் குழப்பம் வேண்டாம். அது தினமும் பூமி சுழலுவதால் தெரியும் ஓட்டம். மேகங்கள் உண்மையில் பயணம் செய்யும் திசை வேறு, ஓடை நீளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.

கொம்புக்குப் புது அலுமினியத் தாள் ஒட்டியாயிற்று, வாயை ஒரு மீட்டருக்குப் பெரிதாக்கியிருக்கிறேன், டின்னைச் சுற்றிப் பழைய கம்பளி. தண்ணீர்த் தொட்டிக் கருவியின் பிளக் பதிவு நேரத்தில் பிடுங்கியே இருக்கும், மோட்டாரைக் கையால் போட்டுக்கொள்வதாக வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். இப்போது வால் நுனி பகலில்தான் உச்சிக்கு வருகிறது, சூரியனும் பக்கத்தில் நிற்பதால் அதன் இரைச்சல் உள்ளே வரும். ஆடி கடைசியில் விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடியும் தலைக்கு மேல் வரும். அப்போது சுவர்ப் பதிவு ஒன்று, உச்சிப் பதிவு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்து, இரண்டையும் இங்கேயே போடுகிறேன்.